ஜனவரியிலிருந்து கிறிஸ்தவள்

1

போன நவம்பர் கடைசியில் என் மகள் ஷெரின் பள்ளிக்கூடத்தில் என்னை இந்துவாக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் பண்டிகைகளைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. உன் வீட்டில் என்ன மதம் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். இவள் கூசாமல் பதில் சொல்லியிருக்கிறாள். அதைச் சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டே எங்களுக்குச் சொன்னாள்.

"அம்மா ஹிந்து, அப்பா கத்தோலிக், நான் ரெண்டும் இல்ல எண்டு சொன்னேன்."

"யாருடி சொன்னது நான் ஹிந்துன்னு?"

"உங்க வேலையில அப்பிடித்தானே. தீபாவளிக்கு லீவு எடுக்கிறீங்க. கிறிஸ்மஸுக்கு வேலைக்குப் போறீங்க. அப்ப நீங்க யாரு?"

என் கணவர் ஜோர்ஜுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "பிள்ளை சரியாத்தானே சொல்லுறாள், ராணி" என்றார். அவர் யாழ்ப்பாணத்தார். எங்கள் கண்டிப் பக்கம் பேராதனைக்குப் படிக்க வந்தவர் என்னையும் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே சிரிக்கக் கூடாது என்று இத்தனை வருஷத்தில் அவருக்கு விளங்கவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். பிள்ளை மேல் கோபமில்லை. பதினாறு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு நத்தார் காலையிலும், அதாவது கிறிஸ்மஸ் காலையிலும், நான் வீட்டில் இருந்ததில்லை. தகப்பன் கூட்டிக்கொண்டு போனால் பூசைக்குப் போவாள். கொஞ்சம் வளர்ந்ததும் அதுவும் நின்றுபோயிற்று. அம்மா போகாத இடத்துக்கு நான் மட்டும் எதற்கு என்று அவள் கேட்டால் வாய் திறந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த நத்தாருக்கு நான் பூசைக்குப் போவேன். தலைகீழாக நின்றாலும் போவேன்.

2

நான் எப்படி இந்துவானேன் என்பதை ஊரில் இருக்கிற நீங்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

நாங்கள் இருப்பது லெஸ்டர். நம் ஊரில் இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான், ஆகவே நானும் லண்டன்காரிதான், பரவாயில்லை. இங்கே ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் எனக்கு வேலை. மேசை போடுவது, பரிமாறுவது, எடுத்துக் கழுவப் போடுவது. சேர்ந்த முதல் நாள் அப்போதிருந்த மேனேஜர் உட்கார வைத்து விவரம் கேட்டார். எந்த நாளில் வேலை செய்ய முடியாது, ஏதாவது காரணம் உண்டா என்றார். அப்போது என் ஆங்கிலம் இரண்டு காலையும் இழந்த ஆங்கிலம். "ஞாயிறு காலை பூசை" என்றேன். அவர் விழித்தார். "கோயிலில் பூசை" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

பக்கத்தில் இருந்தவர் எங்கள் சூப்பர்வைசர் ஹன்சாபென். குஜராத்திக்காரி. பென் என்றால் அவர்கள் பாஷையில் அக்கா, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பூஜா. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூஜா" என்று மேனேஜருக்கு மொழிபெயர்த்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் சொன்ன சொல்லைத்தானே அவளும் சொல்கிறாள்.

கண்டியில் நாங்கள் வேறு எப்படிச் சொல்வது? கோயில், பூசை, சாமி. ஃபாதரைச் சாமி என்போம். மாதா கோயிலும் கோயில்தான், மாரியம்மன் கோயிலும் கோயில்தான். போதாததற்கு நெற்றியில் பொட்டு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்த வேதக்காரப் பெண் பொட்டு வைக்காமல் இருந்தாள்? பெயராவது காப்பாற்றியிருக்கலாம். ஞானஸ்நானப் பெயர் பிலோமினா செல்வராணி. தோட்டத்து ஆபீஸில் பிறப்பைப் பதிந்த கிளாக்கர் ஐயா பிலோமினா எழுதச் சோம்பல்பட்டு செல்வராணியோடு நிறுத்திவிட்டார். அப்பா பெயர் சவரிமுத்து. சவரி என்றால் சவேரியார் என்று எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியப் போகிறது?

அப்படியாக நான் இந்து. பிறகு விஷயம் விளங்கியபோது போய்ச் சொன்னேன். "அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார்கள். பிரச்சினை எனக்குத்தான் என்று சொல்லுமளவுக்கு ஆங்கிலம் இல்லை. ஞாயிறு கிடைக்கவில்லை, தீபாவளிக்கு லீவு கிடைத்தது, முறுக்குச் சுட்டு ஹன்சாபென்னுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நத்தாருக்கு வேலை விழுந்தது, அன்றைக்குச் சம்பளமும் கூட, கைப்பிள்ளைக்காரிக்கு அது வேண்டித்தான் இருந்தது. இதற்கெல்லாம் நான் வெட்கப்படவில்லை. வெட்கப்படச் சொல்கிறவர்கள் வந்து எங்கள் வாடகையைக் கட்டட்டும்.

இந்துவாக இருப்பது ஒரு குறைச்சலும் இல்லை. என் சின்னம்மா வீட்டில் பாதிப் பேர் அம்மன் கோயில்காரர்கள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் இந்தப் பக்கம் வரும், நத்தாருக்கு எங்கள் கேக் அந்தப் பக்கம் போகும். ஆனால் இன்னாருக்கு இன்னது என்று எல்லோருக்கும் தெரியும். லயத்தில் எங்கள் ஓரறைக் காம்பராவை ஊரே வேதக்கார வீடு என்று சொல்லும். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

3

நத்தார் சீசனில் வேலை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் போறணை பார்த்தவர். பெரிய விறகுப் போறணை, பாண் ரொட்டி சுடுகிற அடுப்பு. நாங்கள் ஹந்தானையில் மேலே இருந்தோம். அவர் விடிவதற்கு முன்னே இறங்கிப் போவார். சட்டையில் எப்போதும் பாண் மணம்.

டிசம்பர் நடுவிலிருந்து அந்தப் பேக்கரி வாசலில் கால் வைக்க முடியாது. அப்போது யார் வீட்டில் ஓவன் இருந்தது? கேக் அடிப்பது வீட்டில், சுடுவது பேக்கரியில். மஹியாவையிலிருந்தும் கட்டுகலையிலிருந்தும் ஆட்கள் மாவு ஊற்றிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். பஸ் வளைவில் திரும்பும்போது தட்டையும் சேர்த்துத் தாங்களும் சாய்வார்கள். வேதக்காரர், சிங்கள ஆட்கள், வருஷக் கடைசிக்குக் கேக் போடும் முஸ்லிம் வீடுகள், எல்லோருடைய தட்டும் ஓரத்தில் பெயர்த்துண்டு ஒட்டி அப்பாவின் காலடியில் கிடக்கும். பெயர் மாறிவிட்டால் தொலைந்தது. ஒருத்தியின் கேக் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் அடுத்த நத்தார் வரைக்கும் அந்தக் கதை ஓயாது.

முதலாளி ஒரு ஹாஜியார். நல்ல மனுஷன்தான், ஆனால் சீசன் வந்தால் அவருக்கு நாக்கில் மிளகாய் முளைத்துவிடும். நத்தார் அன்று காலையிலும் கடை திறந்திருக்கும். ஊருக்குப் பாண் வேண்டாமா? பின்தங்கி வந்த கேக் தட்டுகளும் இருக்கும். அப்பா பல வருஷம் அந்தக் காலைப் பூசையைப் பார்த்ததே இல்லை. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள், கோயிலில் அப்பாவின் இடம் காலியாக இருக்கும்.

ஒரு வருஷம், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், அம்மா, தம்பி அந்தோனி, நான் மூவரும் பூசைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக் கேக்கை எடுக்கப் பேக்கரிக்குப் போனோம். அது இன்னும் போறணைக்குள் இருந்தது. கோயில் மணி அடித்தது. அப்பா போறணைக்குள் விட்டிருந்த நீளக் கட்டையை வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஹாஜியார், பூசைக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

"என்ன சவரி, வெளாட்டா? அம்புட்டு தட்டு ஈக்கி."

"ஒரு மணித்தியாலம்தான்."

"போறணைய யாரு பாக்குற?"

"வெள்ளிக்கிழமை நீங்க ஜும்ஆவுக்குப் போறப்ப கடைய யாரு பாக்குறா? நான்தானே பாக்குறேன். பாங்கு சொன்னா உங்கள நான் ஒரு நாளும் நிப்பாட்டலையே."

ஹாஜியார் அப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போறணையைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டையைக் கையில் எடுத்தார்.

"செரி, போ. வரக்குள்ள கருகீந்தா என்ன கேக்காத."

கருகித்தான் இருந்தது. அதிலும் எங்கள் வீட்டுத் தட்டுதான் கருகியிருந்தது. மற்றவர்களுடையதை எல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்த மனுஷன் எங்களுடையதை உள்ளே மறந்துவிட்டார். அம்மா மேல்பக்கத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு வெட்டி வைத்தாள். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கசக்குது" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து மணி அடிக்கும் முன்பே ஹாஜியார் சத்தம் போடுவார்: "சவரி, நேரமாகுது, போ."

இதை நான் ஹாஜியாரின் தங்க குணத்தைப் பாட எழுதவில்லை. அப்பா கேட்டார், அதனால் கிடைத்தது. கேட்காமல் இருந்த வருஷங்களில் ஒருவரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

4

டிசம்பர் முதல் கிழமையில் மேனேஜரின் அறைக்குப் போனேன். எங்கள் ஹோட்டலில் நவம்பரிலேயே மரம் வைத்துவிடுவார்கள். நத்தார் பாப்பா கதவோரம் நின்று மணியாட்டுவார். காலையிலிருந்து கிறிஸ்மஸ் பாட்டு ஓடும், குளியலறையில்கூட ஓடும். பாலன் இயேசுவை மட்டும் எங்கும் காண முடியாது. நத்தார் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி, இரண்டும் கோடை காலத்திலேயே நிரம்பிவிடும். இப்போதைய மேனேஜர் இளம் ஆள், மரியாதையான ஆள், அந்த மாதத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருப்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் போடுகிறேன்.

"நத்தார் அன்று காலை எனக்குப் பூசை இருக்கிறது. முதல் பந்திக்கு முன் வந்துவிடுவேன். காலை எட்டு மணிக்கு மட்டும் வர முடியாது" என்றேன். இந்த முறை பூசைக்குரிய ஆங்கிலச் சொல்லைச் சரியாகச் சொன்னேன். ஷெரினிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்கள் சமய நாளை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களே. தீபாவளிக்கு."

"அது என் சமய நாள் இல்லை. நான் கத்தோலிக்கப் பெண்."

"இங்கே இந்து என்று இருக்கிறது."

"இங்கே என்ன இருந்தாலும் இருக்கட்டும். நான் இங்கே இருக்கிறேன், என்னைப் பாருங்கள்."

பாவம், அவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். தப்பு நடந்திருந்தால் மன்னிக்க வேண்டும், திருத்துவதற்குத் தலைமை ஆபீஸுக்கு உடனே எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார், என் முன்னாலேயே. தலைமை ஆபீஸ் அன்றைக்கே பதில் அனுப்பியது. அதை வாசித்துச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. மாற்றங்கள் எல்லாம் புது வருஷத்தில்தான் நடைமுறைக்கு வருமாம்.

"அதாவது, ஜனவரியிலிருந்து நீங்கள் கிறிஸ்தவர்" என்றார்.

"அப்படியென்றால் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி நான் யார்?"

அவர் கையைப் பிசைந்தார். பாலன் பிறந்த இரவில் மாதாவும் சூசையப்பரும் இடம் கேட்டுக் கதவைத் தட்டியபோது அந்தச் சத்திரத்து மேனேஜரும் இப்படித்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். அவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார், சீசன் டைம், அவ்வளவுதான்.

முதல் நாள் மாலைப் பூசைக்குப் போகலாமே என்று ஒரு யோசனை சொன்னார். அன்று மாலையும் என்னைத்தான் போட்டிருந்தார்கள், அதைக் காட்டினேன். அடுத்த ஞாயிறு போகலாமே என்றார். உங்கள் பிறந்தநாளை அடுத்த ஞாயிறு கொண்டாடுவீர்களா என்று கேட்டேன். லெஸ்டரில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு தரம்தான், நத்தாருக்கு அன்று காலையிலேயே ஒன்று, அதற்கும் சாமி வேறு ஊரிலிருந்து வர வேண்டும். இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எட்டு மணிக்கு வராவிட்டால் அனுமதியில்லாத விடுப்பு என்று பதிய வேண்டி வரும் என்றார்.

"பதியுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

5

வீட்டில் ஜோர்ஜ் நியாயமான ஆள் மாதிரிப் பேசினார். அவர் பார்சல் வேன் ஓட்டுகிறவர், டிசம்பரில் அவரைப் பிடித்து உட்கார வைப்பதே கஷ்டம். அன்றைக்கு உட்கார்ந்து யோசனை சொன்னார்.

"ஏன் ராணி இதைப் பெரிசாக்கிறீர்? காலமை போன் பண்ணி, வயித்தாலை போகுது எண்டு சொல்லும். ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான்."

"மாட்டேன்."

"ஏன் மாட்டீர்? எல்லாரும் சொல்லுறது தானே."

"பாலன் பிறந்த அன்னைக்கு வயித்தால போகுதுன்னு பொய் சொல்லிட்டுப் போய் நற்கருணை வாங்கச் சொல்றீங்களா? லீவு வேணும்னா உள்ளதைச் சொல்லி எடுக்கிறேன். இல்லன்னா வேலையே வேணாம்."

"வேலை போனால்?"

"போகட்டும். இந்த ஊர்ல மேசை துடைக்க ஆள் தேடாத இடம் எது?"

வாய்தான் அப்படிச் சொன்னது. இரண்டு சம்பளத்தில்தான் வண்டி ஓடுகிறது. ஷெரின் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது முழுவதும் எங்கள் பக்கம். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். "நான் ஒண்டும் இல்லையே அம்மா, நான் ஏன் வரோணும்?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போகிற பூசை எனக்கு வேண்டாம்.

அந்தக் கிழமை தம்பி அந்தோனி கண்டியிலிருந்து பேசினான். அங்கே த்ரீவீல் ஓட்டுகிறான். டிசம்பரில் டூரிஸ்ட் கூட்டம் அள்ளுகிறதாம், பேராதனைப் பூங்காவுக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடி ஓடி இடுப்பு முறிகிறதாம். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு மூச்சுச் சிரித்தான்.

"இங்கயும் நத்தார் அன்னைக்கு நல்ல ஹயர் ஓட்டம்தான் அக்கா. ஆனா பூசை நேரத்துக்கு நம்ம த்ரீவீல் கோயில் வாசல்லதான் நிக்கும். போன வருஷம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புசல்லாவைப் பக்கம் தேயிலை பார்க்கப் போகணும்னு நின்னுச்சு. பூசை முடியட்டும், பிறகு போறோம்னுட்டேன். அவங்களும் உள்ள வந்து பின்னாடி உக்காந்துட்டாங்க."

"ஹயர் போயிருந்தா?"

"போனா போகட்டும், வேற வரும். நீங்க போங்க அக்கா. அப்பா போனாருல்ல."

ஹன்சாபென்தான் என்னோடு பேசாமல் இருந்தாள். மூன்று நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனாள். நான்காம் நாள் துணி மடிக்கும் அறையில் பிடித்துக்கொண்டேன். அவள் கொட்டித் தீர்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தீபாவளிக்கு ஒருவருக்கும் லீவு கிடையாதாம். இவள்தான் மேனேஜர் மேனேஜராகப் போய்ச் சண்டை பிடித்து வாங்கினாளாம். ஒரு முறை அழுதே விட்டாளாம். "அதில் உன்னையும் சேர்த்தது உனக்கு நல்லது நினைத்துத்தான். இப்போது நான் தப்புச் செய்ததாக மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய்" என்றாள்.

"உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த லீவை நான் ஆசையாக எடுத்திருக்கிறேன், பென். ஆனால் உன் பூஜைக்கு நீ சண்டை பிடித்தாய் அல்லவா? என் பூசைக்கு நான் பிடிக்கக் கூடாதா?"

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"முதல் நாளே சொன்னேன். பூசை என்று உன்னிடம்தான் சொன்னேன்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். துண்டுகளை மடித்து முடித்துவிட்டு, "உன் மேசைகளை அன்றைக்கு நான் போட்டு வைக்கிறேன். ஆனால் மேனேஜர் கேட்டால் எங்கே போனாய் என்று உள்ளதைத்தான் சொல்வேன்" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன்.

6

நத்தார் காலை. ஜோர்ஜ் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னே தயாராகிவிட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கண்ணாடி முன் நின்று சேலை கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு பட்டுச் சேலை. கொசுவம் கையில் நிற்கவில்லை. எட்டு மணி தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது ஓடினாலும் ஹோட்டலுக்குப் போய்விடலாம் என்று ஒரு பாழாய்ப்போன மனம் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது.

வரவேற்பறையில் என் போன் அடித்தது. என் வாயில் ஊசிகள். யாராவது எடுங்களேன் என்று கத்தவும் முடியவில்லை. அடித்து நின்றது, திரும்ப அடித்தது. ஷெரின் படுக்கையிலிருந்து எழுந்து போகிற சத்தம் கேட்டது. தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ பேசினாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்து, கண் பாதி மூடி இருந்தது.

"யாரு?"

"உங்க மேனேஜர். அம்மாக்குச் சுகமில்லையா எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சுகமாத்தான் இருக்கிறா, நாங்க பூசைக்குப் போறோம் எண்டு சொன்னேன்."

எண்டு என்பது தகப்பனின் யாழ்ப்பாணம், போறோம் என்பது என் ஹந்தானை. அதையெல்லாம் பிறகு யோசித்தேன். அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது ஒரு சொல்தான். நாங்க. அம்மா என்று சொல்லவில்லை, நாங்க என்றாள்.

ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்ப போய் மூஞ்சியக் கழுவு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கால்சட்டையும் ஸ்வெட்டருமாக வந்து நின்றாள். நத்தாருக்குக் கோயிலுக்கு இந்தக் கோலமா என்று தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய ஒறுத்தல் தவம் அதுவாகத்தான் இருக்கும்.

கோயிலில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சனம். முன் வாங்கில் இருந்த அம்மா திரும்பி, "எவ்விடம் பிள்ளை?" என்று கேட்டார். கண்டி என்றேன். "ஓ, கண்டியோ, அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்றார். இருக்கிறோம் அம்மா, நிறையப் பேர் இருக்கிறோம் என்றேன். பீடத்தின் பக்கத்தில் வைக்கோல் போட்டுக் குடில் செய்திருந்தார்கள். பாட்டுத் தொடங்கியதும் நான் அழுதேன். அடக்கவும் முயற்சி செய்யவில்லை. ஷெரினுக்குப் பாட்டும் தெரியவில்லை, எப்போது முழந்தாளிட வேண்டும் என்றும் மறந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பார்த்து, நான் எழுந்தால் எழுந்தாள், இருந்தால் இருந்தாள்.

7

முதல் பந்தி தொடங்குவதற்கு முன்பே ஹோட்டலுக்குப் போய்விட்டேன். உடுப்பு மாற்ற நேரமில்லை, சேலைக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். என் மேசைகள் எல்லாம் கச்சிதமாகப் போடப்பட்டு இருந்தன. ஹன்சாபென் தூரத்திலிருந்து புருவத்தை மட்டும் உயர்த்தினாள். மேனேஜர் என்னைப் பார்த்து, பிறகு பேசுவோம் என்றார். அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. வான்கோழி வைத்த தட்டைக் கொண்டு போய் வைத்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மா என் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் கிறிஸ்மஸ் எல்லாம் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும் அம்மா. இன்று காலை முடித்துவிட்டுத்தான் வருகிறேன். நீங்கள் போனீர்களா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் குழம்பு எடுக்கப் போனேன்.

ஜனவரி வந்தது, போயும் விட்டது. நான் இன்னும் கிறிஸ்தவளாகவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ தடங்கலாம், அடுத்த மாதம் ஆகிவிடும் என்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் மட்டும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. நத்தார் தினத்தன்று காலையில் அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை, காரணம் கத்தோலிக்கப் பூசைக்குச் சென்றது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒரு வருஷத்துக்கு அது என் பெயரில் இருக்குமாம்.

ஜோர்ஜ் கொதித்துப் போனார். அவருடன் வேலை செய்கிறவருக்கு யூனியனில் ஆளைத் தெரியுமாம். "ஒரு அப்பீல் போட்டால் எடுத்துப் போடுவாங்கள், ராணி. நான் எழுதித் தாறன், நீர் கையெழுத்து வைச்சால் காணும்" என்றார்.

வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஹோட்டல் முழுவதிலும் நான் யார் என்று எழுதி வைத்திருக்கிற தாள் அது ஒன்றுதான். அதையும் எடுத்துப் போடச் சொல்லி நானே கையெழுத்து வைப்பேனா?